பால்மரத்து விபூதி

சிங்கப்பூர் போகும் பேருந்தில் தினமும் என் பக்கத்தில் உட்காரும் அக்கா ஒருவர் போன வாரம் எனக்கு ஒரு வைத்தியம் சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் தூக்கம் வராமல் தவித்துக் கிடந்தவராம். கைப்பேசியில் காணொளி பார்த்து, வீட்டிலேயே மரவேலை கற்றுக்கொள்ள ஆரம்பித்தாராம். பலகையை உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, மனசும் கூடவே வழவழவென்று ஆகிவிடுகிறதாம்.

"நீயும் ஒரு ரம்பம் வாங்கு லா. மூஞ்சப் பாரு, கொடியில காயப்போட்டு மறந்துபோன துணி மாதிரி இருக்கு," என்றார்.

இப்படிப்பட்ட பேச்சுகளை நான் விடமாட்டேன். மனிதர்கள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிச் சேர்த்து வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு. ஆனால் அன்று அந்தப் பேச்சை ரசித்து முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரவேலையால் நிம்மதி வரும் என்பது எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டில் அது சாமியையே கூட்டிக்கொண்டு வந்ததே!

அப்போது எனக்கு ஒன்பது வயது. கூலாயில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடு. அப்பா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இரண்டு நாட்டுக்கும் நடுவிலுள்ள கடல் பாலத்தைத் தாண்டுவார். இருட்டிய பிறகு திரும்பி வருவார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் காலுறையைக் கழற்றுவதற்கே அவருக்கு ஒரு யோசனை தேவைப்படும். ஒரு காலுறை கழன்றிருக்கும். மற்றது காலிலேயே இருக்கும். ஆள் தூங்கிப் போயிருப்பார். அம்மா அந்த இன்னொரு காலுறையை உருவியபடி, "உடம்பு வந்துடுச்சி. ஆளு இன்னும் பாலத்துலதான் நிக்கிறாரு," என்பார்.

அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டியும் அழுத்தம் இறங்கவில்லை. கிளினிக்கில் இருந்த டாக்டர், மாத்திரை பாதிதான் செய்யும், மீதியை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். மனசுக்கு ஓய்வு தரும் மாதிரி ஏதாவது பழகுங்கள், மீன் பிடியுங்கள், செடி வையுங்கள், இப்படியே ஓடினால் ஒருநாள் பாலத்தின் நடுவிலேயே விழுந்துவிடுவீர்கள் என்றாராம். அம்மா வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வந்த பிறகு திறந்தார்.

"மீன் புடிச்சா யாரு கழுவுறது? நான். செடி வச்சா யாரு தண்ணி ஊத்துறது? நான். எனக்கு வேலை வைக்காத ஓய்வா ஒண்ணு பாருங்க."

அப்படித்தான் அப்பா மரத்துக்கு வந்தார். மரம் சோறு கேட்காது, தண்ணீர் கேட்காது. வீட்டின் முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில், காரே இல்லாத எங்களுக்கு, ஒரு மடக்கு மேசை, ஒரு ரம்பம், ஓர் இழைப்புளி, இரண்டு உளி என்று ஒரு பட்டறை முளைத்தது. கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்து, தாடி வைத்த யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் அப்பா பாடம் கேட்டார். அந்த மனிதரின் பட்டறை எங்கள் வரிசையில் நாலு வீட்டை இடித்துப் போட்ட அளவு இருக்கும்.

முதலில் ஒரு முக்காலி பிறந்தது. அதில் யாரும் உட்காரத் துணியவில்லை. அரிசி மூட்டையை உட்கார வைத்தோம்; அது கொஞ்சம் சாய்ந்தபடி, ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும் பாவனையில் இருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது முக்காலியா, முழங்கால் வலிக்காரனா?" என்று கேட்டார். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்குக் கோபம் வராது. காலையில் பலகையைத் தேய்க்க உட்கார்ந்தால், தோள் இரண்டும் காதுப் பக்கத்திலிருந்து மெல்லக் கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஏதோ பழைய மெட்டை மூக்காலேயே பாடுவார். அம்மா தேநீர்க் கோப்பையை மேசையோரம் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பி வருவார். மரத்தூள் எந்தப் பக்கம் பறக்கிறதென்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கமாகவே நடப்பார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் மூவார் பக்கம், நாற்காலி மேசை செய்கிற ஒரு தொழிற்சாலையில் பலகை தேய்க்கும் பிரிவில் இருந்தவராம். அந்தக் காலத்து இருமல் இன்னும் விடவில்லை என்பார். அதற்கு மேல் அந்த வேலையைப் பற்றிப் பேசமாட்டார்.

எங்கள் பழைய சாமி மேடை ஒட்டுப்பலகை. விளக்கெண்ணெய் குடித்துக் குடித்து ஊதிப்போய், பிள்ளையாரை ஒரு பக்கமாகச் சரித்திருந்தது. புதிதாக ஒன்று செய்யலாமே என்று அம்மாதான் சொன்னார். சொன்ன மாத்திரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்! தொழிற்சாலையில் பதவி உயர்வு வந்தபோதுகூட அந்த முகம் வரவில்லை.

பலகை ரெங்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. அங்கே பெரியப்பா வீட்டுப் பக்கம் எண்ணெய்ச் செம்பனை போடுவதற்காகக் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பால்மரம் என்பார்கள். தாத்தா காலத்தில் பால் வெட்டிய மரம். பால் வற்றினால் அடுப்புக்குப் போகும். அது பலகையாகும் என்று தோட்டத்தில் பிறந்த யாரும் யோசித்ததில்லை. அப்பா யோசித்துவிட்டார். "நமக்குச் சோறு போட்ட மரம். அதுல சாமி உக்காரட்டுமே," என்றார். பெரியப்பா அறுத்து, லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "அடுப்புக்குப் போக வேண்டியது மேடைக்குப் போவுது. இந்த மரத்துக்கு வந்த வாழ்வு எனக்கு வரல," என்று தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அம்மா ஒரு பலகையை முகர்ந்தார். நகத்தால் கீறிப் பார்த்தார்.

"காஞ்சிருச்சாங்க?"

"வெயில்லதானே போட்டு வச்சிருக்கேன். நல்லா காஞ்சிரும்."

"மருந்து கிருந்து..."

"சாமி மேடைக்கு எதுக்கும்மா மருந்து?"

அம்மா அவருடைய தோளைப் பார்த்தார். அது காதுக்குக் கீழேதான் இருந்தது. "சரிங்க," என்றார்.

அந்த மேடையைச் செய்ய அப்பாவுக்குப் பல ஞாயிறுகள் ஆயின. மூன்று படி, இரண்டு தூண், மேலே ஒரு வளைவு. வளைவு கொஞ்சம் கோணல்தான். ஆனால் பலகையின் நிறம் வெண்ணெய் மாதிரி இருந்தது. மெருகெண்ணெய் பூசினால் அந்த நிறம் போய்விடும் என்று அப்பா பூசவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கூடத்தில் வைத்து, பிள்ளையாரையும் முருகனையும் ஏற்றி, விளக்கு வைத்தோம். அத்தைகூடக் கேலி பேசாமல் கும்பிட்டார். அப்பா பின்னால் நின்று சாமியைப் பார்க்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் சாயங்காலம், அத்தைதான் முதலில் பார்த்தார்.

"அலமாக்! ஏம்மா, இங்க ஓடியா! முருகன் காலைப் பாரு!"

முருகன் காலடியில் வெள்ளையாக, மாவு போல மென்மையாக, ஒரு சின்னக் குவியல். பிள்ளையார் பக்கத்தில் இன்னொன்று. அத்தை கைகூப்பினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசி, நாக்கிலும் வைத்தார்.

"வாசம் இல்லையே அத்தை," என்றேன் நான்.

"கடையில விக்கிறதுக்குத்தான் வாசம். சாமி நேரா குடுக்கிறதுக்கு எதுக்கு வாசம்?"

அம்மா ஒரு சிட்டிகையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நீவினார். மேடையின் தூணைப் பார்த்தார். வாசலில் கிடந்த அப்பாவின் மடக்கு மேசையைப் பார்த்தார். பிறகு அந்தச் சிட்டிகையைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"ஆமா அண்ணி, விபூதிதான்."

அத்தைக்குத் தெரிந்த சேதி தாமானுக்குத் தெரிய அதிக நேரம் ஆகாது. போதாக்குறைக்குத் தமிழ்ப்பள்ளியில் நான் இருந்தேன். எங்கள் வீட்டு முருகன் விபூதி தருகிறார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அதுவரை என்னைக் கண்டுகொள்ளாத பெண்கள் எல்லாம் தங்கள் பலகாரப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள். நான் அதை எனக்கு வந்த அருளாகவே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் எங்கள் வரிசை. பிறகு ஸ்கூடாய், செனாய் என்று ஊர் ஊராக. கார் நிறுத்தும் இடம் முழுக்கச் செருப்பு. மடக்கு மேசையைச் சுவரோரம் நகர்த்தி, அதன்மேல் வந்தவர்களின் பழத்தட்டுகளை அடுக்கினோம். அப்பா ரம்பத்தை எடுத்து உள்ளே வைத்தார். யாரோ ஒருவர் அவரைப் பிடித்து நிறுத்தி, "குடுத்து வச்சவர் நீங்க," என்பார். அவர் போனதும் இன்னொருவர் வந்து அதையே சொல்வார். அப்பா தலையாட்டுவார். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அவருடைய தோள் காதைவிட்டு இறங்கவே இல்லை.

ஆனால் வீட்டில் வேறொன்று நடந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அதுவரை அப்பா வேலைக்குக் கிளம்பும் நேரம் பேச்சே இல்லாத நேரம். அம்மா சாப்பாட்டுப் பெட்டியை நீட்டுவார், அப்பா மழைச்சட்டைக்குள் கையை நுழைப்பார், வண்டிச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். இருவருக்கும் தூக்கத்தில் பாதி கண்ணில் இருக்கும். விபூதி வந்த பிறகு, தண்ணீர் குடிக்க எழுந்த நான் பார்த்தேன். அப்பா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா மேடையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வருகிறார். அப்பா தலையைக் குனிகிறார். அம்மா பூசிவிட்டு, கண்ணில் தூள் விழாமல் இருக்கக் கையைக் குடைபோல அவர் புருவத்தில் வைத்து, மெல்ல ஊதுகிறார்.

"இந்தப் பக்கமே ஒரு வேலை அமையும் பாருங்க. முருகன் சும்மா குடுக்கமாட்டாரு."

"ம்."

அந்த 'ம்' என்ற ஓசை வழக்கமானதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. தினமும் அப்படித்தான் நடந்தது. குனிந்த தலையை நிமிர்த்த அப்பாவுக்கு அவசரமே இருக்கவில்லை. பாலத்தில் நெரிசல் அதிகமாகும் என்று முன்பெல்லாம் பறப்பவர் அவர்தான்.

ஓட்டைகளை நான்தான் கண்டுபிடித்தேன். கூட்டம் கலைந்த ஒரு ஞாயிறு சாயங்காலம், அப்பா மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூணின் பின்பக்கம் ஊசியால் குத்தினாற்போல வரிசையாகப் பொடிப்பொடி ஓட்டைகள். ஒன்றிலிருந்து வெள்ளைத் தூள் கசிந்துகொண்டிருந்தது.

"அப்பா, இங்க பாருங்க, ஓட்டை."

அப்பா விரலை வைத்தார். உள்ளேயிருந்து பழுப்பாக ஒரு வண்டு, கடுகுக்குக் காலும் மீசையும் முளைத்தது போல, வெளியே வந்து அவர் விரல்மேல் ஏறியது. அவர் அதை நசுக்கவில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் ஷிப்ட்டுக்குக் கிளம்பிடுச்சி போல," என்றார்.

மருந்து ஏற்றாத பச்சைப் பால்மரத்தில் வண்டு முட்டையிடும், குஞ்சு பொரித்து உள்ளேயே தின்று, மரத்தை மாவாக்கி வெளியே தள்ளும் என்பது இன்று எனக்குத் தெரியும். பலகைத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பாவுக்கு அது அந்த நிமிடத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா, இத யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்ட சொல்லவே சொல்லாத."

"ஏம்ப்பா?"

"அம்மா நம்பிக்கிட்டு இருக்காங்கல்ல. இருக்கட்டும்."

அம்மா எதை நம்பிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. வண்டும் முருகன் அனுப்பியதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்து, வாயை மூடிக்கொண்டேன். என் பலகாரப் பெட்டிகளுக்கு ஆபத்து வராமல் இருந்தால் சரி.

அதற்கு அடுத்த ஞாயிறு கோயில் தலைவர் வந்தார். அகலமான மனிதர். மேடைமுன் விழுந்து கும்பிட்டு எழுந்தவர், ஒரு யோசனையோடு எழுந்தார். இந்த மேடையை வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப் போக வேண்டும். உறுமி மேளத்தோடு ஊர்வலம். அங்கே வைத்தால் எல்லாருக்கும் தரிசனம். செய்தவருக்கு மாலை மரியாதை.

அத்தை, "போடுங்க லா மாலையை! என் தம்பி கையால செஞ்சது!" என்றார். அந்த முக்காலியைக் கேலி செய்த அதே வாய்.

அப்பாவின் முகம் பலகை நிறத்துக்குப் போனது. ஊர்வலத்தில் ஒரு குலுக்கு குலுக்கினால் தூண் நொறுங்கிவிடும். இருநூறு பேர் நடுவில் பிள்ளையார் கீழே விழுவார். பின்பக்கத்து ஓட்டையைத் திருப்பிப் பார்க்க அங்கே யாராவது ஒருவர் இருப்பார். ஊரை ஏமாற்றியவன் என்பார்கள். அப்பா வாயைத் திறந்தார், அம்மாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார். சொன்னால் அம்மாவின் நம்பிக்கை போகும். சொல்லாவிட்டால் மானம் போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற தெம்பு அந்த ஆளிடம் இல்லை. காலுறையைக் கழற்றவே தெம்பில்லாதவர்.

அம்மாதான் முன்னால் வந்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் சாமி என்னா சொல்றாருன்னு பாப்போம் தலைவரே."

அந்த வாரம் புதன்கிழமை, நான் பள்ளி முடிந்து வந்தபோது, சாமிச் சிலைகள் எல்லாம் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அம்மா முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மேடையைக் கவிழ்த்துப் போட்டு, கோழி இறகால் தூணின் பின்பக்கம் எதையோ தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், தீபாவளிக்கு வெளியே விறகடுப்பு மூட்ட வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் புட்டி.

"என்னாம்மா பண்றீங்க?"

"எறும்பு."

"எறும்பைக் காணோமே?"

"வர்றதுக்கு முன்னாடியே விரட்டணும். போய் யூனிபோம மாத்து."

அன்று விளக்கை மேடையில் வைக்கவில்லை. தரையில், தள்ளி வைத்தார். வீடு புகைந்து கண் எரியும்வரை சாம்பிராணி போட்டார். மறுநாளும் அப்படியே. அப்பா வந்து மூக்கை உறிஞ்சும் முன்பே தூங்கிவிட்டார்.

ஞாயிறு வந்தது. உறுமி மேளமும் ஒரு சின்ன லோரியும் வந்தன. தலைவர் மாலையோடு இறங்கினார். முருகன் காலடி சுத்தமாக இருந்தது. துடைத்து வைத்த தட்டு மாதிரி. எல்லாரும் காத்திருந்தார்கள். தேங்காய் உடைத்துக் காத்திருந்தார்கள். ஒரு துகள் விழவில்லை.

"யாரோ தீட்டோட உள்ள வந்திருக்காங்க," என்றார் அத்தை, தலைவரைப் பார்த்தபடி. தலைவர் தன் காலையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"யாரையும் சொல்லாதீங்க அண்ணி," என்றார் அம்மா. "குடுக்க வேண்டியதக் குடுத்துட்டாரு. எடுத்துட்டுப் போறது அவருக்குப் புடிக்கல போல. இங்கயே இருக்கட்டும். மத்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு இருக்கிற மாதிரி, இந்த வீட்டுக்கும் இருக்கட்டுமே."

மேளக்காரர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மாலை லோரியிலேயே திரும்பிப் போனது. செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கலைந்து, வெறும் சிமெண்டுத் தரை தெரிந்தபோது, நான் படியில் உட்கார்ந்து அழுதேன். நாளைக்குப் பள்ளியில் எந்த முகத்தோடு நிற்பது? ஓட்டையைப் பார்த்துவிட்ட என்மேல்தான் முருகனுக்குக் கோபம் என்று தோன்றியது. அப்பா என் தலையைத் தடவிவிட்டு, சுவரோரம் இருந்த மடக்கு மேசையை மெதுவாக விரித்தார். உள்ளே போய் ரம்பத்தை எடுத்து வந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த மூக்குப் பாட்டுக் கேட்டது. அம்மா உள்ளே மறுபடியும் எறும்பு விரட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியுமுன், பள்ளிக்குப் போகும் பயத்தில் சீக்கிரமே எழுந்துவிட்டேன். வாசலில் அப்பா மழைச்சட்டை போட்டு நின்றார். விபூதிதான் நின்றுவிட்டதே, இனி கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல நின்றார். அம்மா கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து வந்தார். அப்பா குனிந்தார். அம்மாவின் விரல் நெற்றியில் பட்டதும் அவருடைய மூக்கு ஒருமுறை சுருங்கியது. இன்னொருமுறை ஆழமாக இழுத்துப் பார்த்தார். அந்த விரலில் என்ன வாசம் என்று தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. புதன்கிழமையிலிருந்து வீட்டில் அடித்த அதே மண்ணெண்ணெய்.

அப்பா நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா கீழே குனிந்து, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை, ஏற்கனவே நன்றாக மூடியிருந்ததை, மறுபடியும் அழுத்தி மூடினார். அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராமல், தோள் குலுங்க, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. அம்மாவுக்கும் இருமலா சிரிப்பா என்று தெரியாமல் ஒன்று வந்தது.

"போங்க. நேரமாச்சி. பாலம் அடைச்சுக்கும்," என்று அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

சாமியே எங்களை விட்டுப் போயிருக்கிறார், இவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு அழுகைதான் மறுபடி வந்தது.